தலைக்கு வைக்காத எண்ணெய்

அத்தியாயம் 12

சென்ற வாரம் அம்மாவும் மகளும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்ததோடு விட்டோம். விடிந்த பிறகும் இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோமதியம்மாள் அம்பாசமுத்திரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டுத் திருவனந்தபுரம் வந்தவள். கணவர் பூதலிங்கம் சாலைக் கடைத்தெருவில் ஒரு பருப்பு மண்டியில் எடை போடுகிறவர். ஒரே மகள் இசக்கி, இருபத்திரண்டு வயது. பாப்பனங்கோட்டில் கைக்கடிகாரம் பூட்டுகிற சின்ன யூனிட் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் முடிந்துவிட்டது. ஆறாவது மாதத்தையும் ஓட்டிவிட்டால் வேலை நிரந்தரம்.

அந்த யூனிட்டில் ஒரு சட்டம். வேலைக்கு வருகிற பெண்கள் தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது. முடி வெளியே தெரியாமல் வெள்ளைத் துணித் தொப்பி மாட்டிக்கொண்டுதான் மேஜையில் உட்கார வேண்டும்.

கோமதியம்மாளிடம் போய்ச் சொல்லக்கூடிய சட்டமா இது? அவர்கள் குடியிருக்கிற சந்தில் பாதிப் பெண்களுடைய தலை அவள் காய்ச்சிக் கொடுக்கும் எண்ணெயில் தழைத்தது. மலையாளத்து வீட்டம்மாக்கள்கூடக் குப்பியோடு வந்து நிற்பார்கள். அவள் பெற்ற மகள் மட்டும் வறட்டுத் தலையோடு அலைவதா? மூன்று மாதத்துக்கு முன்னால் பெரிய சண்டை. கடைசியில் குலசாமி மேல் ஆணையாக, "இனி ஒன் தலையில ஒரு சொட்டு எண்ணெய் வைக்க மாட்டேன்" என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தாள். அந்தச் சத்தியத்தை இன்றுவரை அவள் மீறவில்லை. இதை நான் அடித்துச் சொல்வேன்.

இப்போதைய சிக்கல் வேறு. இரண்டு மாதமாக அந்த யூனிட்டின் கடிகாரங்கள் அவற்றை வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தன. கண்ணாடிக்கு உள்ளே, டயலின் மேல், மஞ்சளாக ஓர் எண்ணெய்ப் பொட்டு. எல்லாமே நாலாம் நம்பர் மேஜையில் டயல் பூட்டியவை. அந்த மேஜையில் இரண்டே பேர். ஒருத்தி இசக்கி. இன்னொருத்தி பாறசாலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற தாசம்மாள். இரண்டு பேரில் ஒருத்தியை நிறுத்தியாக வேண்டும் என்று மேலிடத்துக் கடிதம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முடிவு சொல்வதாகச் சூப்பர்வைசர் கல்யாணராமன் அறிவித்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் இன்று.

காலை ஏழு மணிக்கே புழுங்கியது. மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து, பிறகு மனசை மாற்றிக்கொண்டது வானம். இசக்கி கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினாள். சீப்போடு ஒரு கொத்து முடி வந்தது. அதைச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே எறியப் போனாள்.

"அதை இங்க குடு" என்றாள் கோமதியம்மாள் அடுக்களையிலிருந்து.

"எதுக்கு?"

"குடுன்னா குடேன்."

உதிர்ந்த முடியையெல்லாம் அவள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்துவந்தாள். மூன்று மாதத்தில் பாட்டில் கழுத்து வரை நிறைந்துவிட்டது. அதைத் தினமும் ஒருமுறை பார்த்து வயிறு எரிந்துகொள்வது அவளுக்கு வழக்கமாகியிருந்தது.

"தேங்கா நாரு கணக்கா ஆயிட்டு. இன்னும் ரெண்டு மாசம் போனா மொட்டத் தலைதான்."

"அம்மா, இன்னைக்கு ஒண்ணும் பேசாத. வேலை இருக்கா போச்சான்னு இன்னைக்குத்தான் தெரியும்."

"நீ எண்ணெய் வைக்கல்லேல்லா. பொறவு எதுக்குப் பயப்படுத?"

"அதத்தான் போன வாரம் அவருட்டயும் சொன்னேன்."

சொல்லிவிட்டு இசக்கி வாயை மூடிக்கொண்டாள். போன வாரம் கல்யாணராமன் கேட்டபோது, "சார், நான் எண்ணெய் தொட்டு மூணு மாசமாச்சு" என்று அவள் சொன்னது முழு உண்மை. ஆனால் மேஜையில் இரண்டு பேர் இருக்கும்போது ஒருத்தி தான் இல்லை என்றால், அது யார் என்று சொன்னதாக ஆகிறது?

கோமதியம்மாள் துவைத்து மடித்த தொப்பியை நீட்டினாள். இரண்டு தொப்பிகளையும் மாற்றி மாற்றித் துவைத்துக் கொடுப்பது அவள் வேலை. மற்றத் துணியை மகள் துவைத்தால் பேசாமல் இருப்பாள். தொப்பியை மட்டும் தொட விடமாட்டாள்.

இசக்கி அதைப் பையில் திணித்துக்கொண்டு, காப்பியைப் பாதி குடித்து, பாதியை வைத்துவிட்டுப் போனாள்.

யூனிட்டில் அன்று யாருக்கும் கை ஓடவில்லை. இருபது பெண்கள் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே டியூப் லைட். மின்விசிறி கிடையாது, தூசி கிளம்பும் என்று. இசக்கி இடுக்கியால் டயலை எடுத்து வைத்தாள். தொப்பியின் பட்டி நெற்றியில் அரித்தது. நடுவிரலால் அதை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும்தான் ரப்பர் உறை உண்டு. மற்ற விரல்கள் வெறும் விரல்கள்.

எதிரே தாசம்மாள் தலை நிமிரவில்லை. இருபத்தேழு வயது. படுக்கையில் கிடக்கிற அம்மா, பள்ளிக்கூடம் போகிற இரண்டு தங்கைகள், எல்லாம் அவள் சம்பளத்தில். கல்யாணராமன் இரண்டு தடவை வந்து அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார். நின்றபோதெல்லாம் தாசம்மாளின் தொப்பிக்குக் கீழே பிடரியில் தெரிந்த முடியைத்தான் பார்த்தார். கன்னங்கரேலென்று பளபளத்தது அது. அதைப் பார்க்கிற யாரும் எண்ணெய் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. கொல்லைப்புறத்து வாகை மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்தார்கள். தாசம்மாள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பின்னலை அவிழ்த்தாள்.

"தொட்டுப் பாரு இசக்கி."

"எதுக்குக்கா?"

"தொடேன். யாராவது ஒருத்தர் தொட்டுப் பாக்கட்டு."

இசக்கி தொட்டாள். வைக்கோலைத் தொட்டதுபோல இருந்தது. விரலில் ஈரமில்லை, பிசுக்கில்லை, ஒன்றுமே இல்லை.

"ஒரு மாசமாட்டு துணி சோப்பு போட்டுக் கழுவுதேன். வீட்ல எண்ணெய்க் குப்பியவே ஒளிச்சு வச்சாச்சு. பாக்கத்தான் இப்படி மினுங்கும். எங்க அம்மைக்கும் இப்படித்தான், அவளுக்க அம்மைக்கும் இப்படித்தான். இத அந்தச் சாருக்க கிட்ட எப்படிப் பறஞ்சு புரிய வைக்க, சொல்லு."

இசக்கி கையை இழுத்துக்கொண்டாள். தாசம்மாள் இல்லை என்றால் பிறகு யார்? மூன்றாவது ஆள் அந்த மேஜையில் கிடையாது.

தாசம்மாள் கை கழுவப் போனாள். இசக்கி மிச்சச் சோற்றைக் காக்கைக்குக் கொட்டிவிட்டு, பக்கத்தில் பழைய செய்தித்தாளின் மேல் கழற்றி வைத்திருந்த தன் தொப்பியை எடுத்தாள்.

காகிதத்தில் ஒரு வட்டம் தெரிந்தது.

தொப்பியின் விளிம்பு எவ்வளவோ அவ்வளவு பெரிய வட்டம். அந்த இடத்தில் மட்டும் தாள் கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்கத்து எழுத்துகள் திருப்பிப் போட்டுத் தெரிந்தன. இசக்கி தொப்பியை மூக்குக்குக் கொண்டுபோனாள். ஒரு வாசனையும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பிறந்ததிலிருந்து அவள் குடித்த தண்ணீரிலும், படுத்த பாயிலும், துடைத்த துண்டிலும் அந்த எண்ணெய் வாசனைதான். அந்த வீட்டு மூக்குக்கு அது வெறும் காற்று. கல்யாணராமனுக்கோ பொடி போட்டுப் போட்டு மூக்கு மரத்துப்போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

பட்டியைத் திருப்பி விரலால் அழுத்தினாள். நடுவிரலில் மினுமினுப்பு ஒட்டியது.

காலையிலிருந்து எத்தனை தடவை இந்த விரலால் தொப்பியைத் தள்ளினோம், எத்தனை டயலைத் தொட்டோம் என்று எண்ணிப் பார்த்தாள்; கணக்கு வரவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். அம்மாவுக்குச் சுகமில்லை என்று கல்யாணராமனிடம் பொய் சொல்லி, ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, வீட்டுப் பக்கம், கிழக்கேகோட்டைக்குப் போகிற பஸ்ஸில் தொற்றினாள்.

கோமதியம்மாள் அடுப்பில் வைத்த வெண்கல உருளியின் முன்னால் உட்கார்ந்து எண்ணெய் கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து அடுப்பில் வெள்ளிக்கிழமைத் துணிக்காகச் சலவைச் சோடா போட்ட தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வேளைகெட்ட வேளையில் மகளைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"என்னட்டி, நிப்பாட்டிட்டாவளா?"

"தொப்பில என்ன வச்சே?"

கோமதியம்மாள் கரண்டியை நிறுத்தவில்லை. அடியில் கிடந்த வண்டலைத் துளி எடுத்து விரலில் உருட்டினாள். மெழுகு மாதிரி உருண்டது. மணலாக உதிர வேண்டும், இன்னும் பதம் வரவில்லை.

"ஒன்னயத்தான் கேக்கேன்."

"தலையில வைக்க மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணுனேன்" என்றாள் அவள், உருளியைப் பார்த்துக்கொண்டே. "தொப்பிக்குப் பண்ணல."

இசக்கிக்கு அழுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை.

"மூணு மாசமாவா?"

"துவைச்சுக் காய வச்ச பொறவு, உள்பக்கத்துப் பட்டியில விரலால ஒரு இழுப்பு. அம்புட்டுத்தான். மறுக்கா ஒரு வெயில் காட்டுனா உள்ள இழுத்துக்கிடும். ஒனக்கே தெரியல்லல்லா." கோமதியம்மாள் இப்போது திரும்பினாள். அவள் முகத்தில் குற்றம் செய்தவளுடைய களை இல்லை. "நெத்தி ஓரத்துல பாத்தியா? பூனைமுடி மொளச்சிருக்கு. தொப்பி படுத இடத்துல மட்டும். மத்த எடமெல்லாம் கொட்டுது. அங்க மட்டும் கொட்டல."

"அந்த டயல்ல விழுந்ததெல்லாம் ஒன் எண்ணெய்ம்மா. நான் தொப்பியைத் தொட்டுட்டு டயலைத் தொட்டிருக்கேன். அந்த அக்கா தலைல எண்ணெயே இல்ல. நான் தொட்டுப் பாத்துட்டு வாரேன். அவளைத்தான் நிப்பாட்டப் போறாவ."

கோமதியம்மாளுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். அவள் யோசித்தது அரை நிமிஷம்கூட இருக்காது.

"இது யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அந்தத் தொப்பியைக் குடு."

இசக்கி கையிலிருந்ததை அவள் பிடுங்கினாள். கொடியில் கிடந்த இன்னொரு தொப்பியையும் உருவினாள். இரண்டையும் கொதிக்கிற சோடாத் தண்ணீரில் போட்டு, கம்பால் அமுக்கினாள்.

"என்ன பண்ணுத?"

"இனி அதுல ஒண்ணும் கெடையாது. நானும் இனி வைக்க மாட்டேன். நாளைலேருந்து பொட்டு விழாது. விஷயம் தீந்துது."

"தாசம்மாக்கா?"

"அந்தப் புள்ளைக்குப் பாறசாலைல வேற வேலை கெடைக்கும்."

"அந்த வீடே அவ சம்பளத்துல ஓடுதும்மா."

"நம்ம வீட்டுக்கு நான் பாக்காண்டாமா?" கோமதியம்மாள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் இசக்கிக்குப் பதில் சொல்லச் சௌகரியமாக இருந்திருக்கும். "எனக்கு என்னட்டி தெரியும்? ஒனக்கு மலையாளம் எழுதப் படிக்கத் தெரியும். ஆபீசர்மாரு முன்ன நின்னு பேசுத. ஒனக்கு நான் செய்யதுக்குன்னு இந்தத் தலை ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் தொடாதன்னுட்ட. காலைல எந்திரிச்சா தலகாணி முழுக்க முடி. அத நான் பெருக்கி எடுத்துக்கிட்டு எத்தனை நாளு சும்மா இருப்பேன்?"

இசக்கி வாசலில் நின்றாள். அம்மா மேல் கோபம் வந்த அளவுக்கு இரக்கமும் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வெறுந்தலையோடு திரும்பிப் போனாள்.

யூனிட் ஸ்டோரில் சொல்லிப் புதுத் தொப்பி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தாள். மூன்று மணி வரை ஒரு டயலைக்கூட உருப்படியாக வைக்க முடியவில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்று பத்து நிமிஷம் நினைப்பாள். அடுத்த பத்து நிமிஷம் எழுந்து ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். எதிரே தாசம்மாள் ஒன்றுமே நடக்காத மாதிரி, இடுக்கியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் துடைப்பைப் பார்க்கத்தான் இசக்கிக்குத் தாங்கவில்லை.

நாலடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கல்யாணராமனின் அறைக் கதவைத் தட்டினாள்.

அவர் கரமனை அக்கிரகாரத்து மனிதர். கோபக்காரர் இல்லை, பெண்களை மரியாதையாக நடத்துகிறவர் என்று பெயரெடுத்தவர். பொடி டப்பாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வா கொழந்தே. அம்மைக்கு இப்போ தேவலையா?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல சார். அந்த எண்ணெய் என்னோடது. தாசம்மாக்கா மேல தப்பு இல்ல."

சொன்னாள். தொப்பி, பட்டி, நடுவிரல், சத்தியம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். கல்யாணராமன் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் சந்தேகத்துக்குப் பதில் ஒருவிதக் கனிவு ஏறிக்கொண்டே போனது. இசக்கிக்கு அதுதான் பயமாக இருந்தது.

"தலைக்கு வெக்காம தொப்பிக்கு எண்ணெய் வெச்சாளா ஒன் அம்மை?"

"ஆமா சார்."

"எங்கே, அந்தத் தொப்பியைக் காட்டு."

"அம்மா சோடாத் தண்ணில போட்டுட்டா சார்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

இசக்கி பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். அவர் அதை ஓரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"இது சோத்துப் பொட்டலம் வெச்ச காகிதமில்லையோ? எண்ணெய் இல்லாம இருக்குமா?" அவர் சிரித்தார். கேலியாக இல்லை, பிரியமாகத்தான் சிரித்தார். "கேட்டயா கொழந்தே, நான் பதினாறு வருஷமா பொண்கொழந்தைகளை வெச்சு வேலை வாங்கறவனாக்கும். ஒருத்திக்காக இன்னொருத்தி பழியைத் தலையில ஏத்துக்கறது எனக்குப் புதுசில்லை. அவ ஆத்துக் கஷ்டம் எனக்கும் தெரியும். மத்தியானம் லீவு கேட்டப்பவே ஒன் முகம் சரியில்லை. அவ ஒன்கிட்ட அழுதாளா?"

"இல்ல சார். அவ ஒண்ணும் சொல்லல."

"போன வாரம் நான் கேட்டப்போ நீதானே சொன்னே, எண்ணெய் தொட்டு மூணு மாசமாச்சுன்னு? கண்ணைப் பார்த்துச் சொன்னே. அதுதான் சத்தியம். இது ஒன் நல்ல மனசு." அவர் பேனாவைத் திறந்தார். "ஒன் தலையைப் பார்த்தாலே தெரியறதே, எண்ணெய் கண்டு எத்தனை நாளாச்சுன்னு. அவ தலையையும் நான் தினம் பார்க்கறேன். நீ போ. ஆறு மாசம் முடியறதுக்கு முன்னாடியே ஒனக்கு நிரந்தரத்துக்கு எழுதியாச்சு. திங்கட்கிழமை ஆர்டர் வந்துடும். பூதலிங்கம் இருக்கிற மண்டியிலதானே எங்க ஆத்துக்குப் பருப்பு வாங்கறது. போற வழியில நானே அவர்ட்ட சொல்லிடறேன்."

"சார், நான் சொல்றது நெஜம்."

"போ கொழந்தே. மணி அடிக்கப் போறான்."

நாலு மணிக்குத் தாசம்மாள் உள்ளே போனாள். நாலு ஐந்துக்கு வெளியே வந்தாள். அவளுக்கு ஐந்து நிமிஷம் போதுமானதாக இருந்தது.

வாசல் கேட்டருகே இசக்கி அவளைப் பிடித்து நிறுத்தினாள். நடந்ததையெல்லாம் மறுபடியும் சொன்னாள். தாசம்மாள் பையைத் தோளில் மாட்டியபடியே கேட்டாள்.

"நான் போய்ச் சொன்னேன்க்கா. அவரு நம்பல."

"சரி."

"சத்தியமா சொன்னேன்."

"போன வாரம் நீ அவருட்ட சொன்னப்பளும் நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றாள் தாசம்மாள். "அத மட்டும் அவரு நல்லாட்டு நம்பினாரு."

தாசம்மாள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

"என் தலையப் பாத்துச் சொல்லிட்டாரு இசக்கி. இனி வேற எங்க போனாலும் எண்ணெய்த் தலைக்காரின்னு எழுதித்தான் குடுப்பாவ. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

தாசம்மாள் சாலையைக் கடந்து போய், நெய்யாற்றின்கரைப் பக்கம் போகிற கூட்டத்தோடு நின்றாள். பஸ் வந்து ஏறிப் போகும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

இசக்கி அன்று பஸ் ஏறவில்லை. பாப்பனங்கோட்டிலிருந்து சாலைக் கடைத்தெரு வரைக்கும் நடந்தே வந்தாள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. அதற்கும் ஒதுங்கவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது கோமதியம்மாள் சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்துகொண்டிருந்தாள். மத்தியானம் காய்ச்சிய எண்ணெய் வடிகட்டி ஆறிப்போய்க் கிண்ணத்தில் இருந்தது.

"என்னாச்சுட்டி?"

"எனக்கு நிரந்தரம். அவளுக்குச் சீட்டுக் கிழிச்சாச்சு."

கோமதியம்மாள் கைகூப்பினாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கினாள்.

"நான் எல்லாத்தையும் சொன்னேன்மா. நம்ப மாட்டேன்னுட்டாரு. தொப்பி எங்கேன்னாரு. எங்க போய்க் காட்ட?"

கோமதியம்மாள் தான் இன்று செய்ததில் எது கெட்டிக்காரத்தனம் என்று மத்தியானம் நினைத்திருந்தாளோ, அது இப்போது அவளுக்குக் கசந்தது. ஆனாலும் மகளுக்கு வேலை நிலைத்துவிட்டது என்ற நிம்மதி உள்ளே இருக்கத்தான் செய்தது. அதை மறைக்க அடுக்களைப் பக்கம் போனாள்.

இசக்கி ஈரப் பின்னலை அவிழ்த்தாள். துண்டால் ஒற்றினாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து, அம்மாவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"தேச்சு விடு."

"விளக்கு வச்ச நேரத்துலயா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா? ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

"நாளைக்கு அரை நாள் யூனிட் உண்டு. மேஜையில நான் மட்டும்தான். தாசம்மாக்கா இருக்க மாட்டா. நாளைக்கும் டயல்ல பொட்டு விழுந்தா, அத யாரு தலையில போடுவாரு?"

கோமதியம்மாள் இரண்டடி பின்வாங்கினாள்.

"வேலை போயிரும்ட்டி."

"போவட்டும்."

"நான் வாரேன். அவரு கால்ல விழுந்து நான்தான் செஞ்சேன்னு சொல்லுதேன்."

"மகளுக்காவ அம்மா பொய் சொல்லுதான்னு அதுக்கும் உருகுவாரு. சொல்லிப் பாத்தாச்சும்மா. இனிமே அவரு கண்ணால பாக்கணும்."

"நான் தேய்க்க மாட்டேன். கையால எடுத்து ஒன் சோத்துல மண்ணப் போடச் சொல்லுத. மாட்டேன்."

"அப்பம் நானே ஊத்திக்கிடுதேன்."

கிண்ணத்தைச் சாய்த்தாள். எண்ணெய் உச்சியில் விழாமல் காதோரமாக வழிந்து, கழுத்தில் இறங்கி, ரவிக்கையை நனைத்தது. அவள் அதை உள்ளங்கையால் அறைந்து அறைந்து தேய்த்தாள். முடி முடிச்சு முடிச்சாகச் சிக்கியது. பிடுங்கிய இடத்தில் நாலு முடி கையோடு வந்தது.

இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தலையைப் பார்த்தவளால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கோமதியம்மாள் வந்து பின்னால் மணையைப் போட்டு உட்கார்ந்தாள். மகளின் கையைத் தட்டிவிட்டாள். வகிடு பிரித்து, மூன்று விரலில் எண்ணெயைத் தொட்டு, உச்சியில் வைத்தாள்.

மூன்று மாதம் இதற்குத்தான் ஏங்கினாள். விரலுக்கடியில் மண்டைத் தோல் சுட்டது. அடர்த்தியாக இருந்த இடமெல்லாம் மெலிந்துபோயிருந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். முடியவில்லை. கண்ணீர் எண்ணெயோடு சேர்ந்து விழுந்தது. மகளின் வேலையைத் தன் கையாலேயே தேய்த்துக் கரைக்கிறோம் என்று தெரிந்தும், விரல்கள் பழகிய தடத்தில் போய்க்கொண்டே இருந்தன.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பூதலிங்கம் நனைந்த குடையை மடக்கி மூலையில் சாத்தினார். ஒரு கையில் மட்டிப்பழச் சீப்பு. இன்னொரு கையில் வாழையிலைப் பொட்டலம், அல்வா. அவர் முகம் மலர்ந்திருந்தது.

"கல்யாணராமன் சாரு மண்டிக்கே வந்து சொல்லிட்டுப் போனாரு. எல்லார் முன்னாலயும் சொன்னாரு. ஒம்ம மகளைப் போல மனசு உள்ள புள்ளைய நான் பாத்ததில்லன்னு. வேலை நிரந்தரம்ன்னு." பொட்டலத்தை நீட்டியவர் அப்படியே நின்றார். விளக்கு எரிகிற வேளையில், தலையவிழ்த்த மகளும், அழுகிற மனைவியும், எண்ணெய்க் கிண்ணமும். "என்னளா இது? ஆபீசுக்கு எண்ணெய் வைக்கக் கூடாதுன்னுல்லா சொன்னிய. நாளைக்கு வேலை இல்லியா?"

"இருக்குப்பா" என்றாள் இசக்கி.

கோமதியம்மாளின் கை நின்றுவிட்டது. பூதலிங்கம் மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பொட்டலத்தை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

இசக்கி திரும்பாமல் சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் வைம்மா."